பகல் 12, இரவு 12: அறிவிப்பில் எப்படி எழுதுவது?

"கடைசி நாள் 15ஆம் தேதி, 12 ஏஎம்" என்று ஓர் அறிவிப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் அதை 15ஆம் தேதி பகல் 12 மணி வரை என்று படிப்பார். இன்னொருவர் 15ஆம் தேதி முழுக்க இருக்கிறது, அன்று இரவு 12 மணிக்குள் அனுப்பினால் போதும் என்பார். கணினியோ 14ஆம் தேதி இரவு முடிந்ததுமே விண்ணப்பப் பக்கத்தை மூடிவிடும். ஒரே வரிக்கு மூன்று அர்த்தம். முந்தியதற்கும் பிந்தியதற்கும் நடுவே ஒரு முழு நாள் கிடக்கிறது.

இதில் நஷ்டப்படுவது பெரும்பாலும் படிப்பவர்தான். எழுதியவர் "நான் சரியாகத்தானே போட்டிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட முடியும். அது நியாயமில்லை. குடியிருப்போர் சங்கம், கல்லூரி அலுவலகம், மருத்துவமனை, கல்யாண மண்டபம் என்று எங்கே அறிவிப்பு எழுதினாலும் இந்த 12ஐ எப்படி எழுதுவது என்று முன்பே ஒரு முடிவு எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு என்னென்ன வழிகள் இருக்கின்றன, எது எங்கே கைகொடுக்கும், எது காலை வாரும் என்று பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே பிரித்துக்கொள்வது நல்லது. பகல் 12க்கு இருப்பது ஒரே பிரச்சினை: அது பகலா இரவா என்பது. இரவு 12க்கு இரண்டு பிரச்சினை: பகலா இரவா என்பதோடு, அது எந்தத் தேதியின் இரவு என்பதும் சேர்ந்துகொள்கிறது. இரண்டுக்கும் ஒரே மருந்து தேடுவதால்தான் பல அலுவலகங்களில் இது தீராமலே இருக்கிறது.

ஏஎம், பிஎம் போட்டால் போதாதா?

எல்லோருக்கும் முதலில் கை போவது இதில்தான். 12 ஏஎம் என்றால் நள்ளிரவு, 12 பிஎம் என்றால் நண்பகல். செல்பேசி, கணினி, டிஜிட்டல் கடிகாரம் எல்லாம் இப்படித்தான் காட்டுகின்றன. ஆனால் இது மனசில் ஒட்டாததற்குக் காரணம் இருக்கிறது. 12 மணிக் கடிகாரத்தில் எண்கள் 1இலிருந்து புதிதாகத் தொடங்குகின்றன. ஏஎம், பிஎம் மட்டும் 12இலேயே மாறிவிடுகின்றன. காலை 11 ஏஎம், அதற்கு அடுத்த மணி 12 பிஎம், அதற்கு அடுத்தது 1 பிஎம். 11ஐயும் 12ஐயும் ஒரு கூட்டாகப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு "11 ஏஎம் முதல் 12 பிஎம் வரை" என்பது ஒரு மணி நேரமாகத் தெரியாது, 13 மணி நேரமாகத் தெரியும். உண்மையில் பூஜ்யம் உட்கார வேண்டிய இடத்தில் 12 உட்கார்ந்திருக்கிறது. குழப்பத்தின் வேர் அதுதான்.

ஏஎம் என்பது லத்தீனில் நண்பகலுக்கு முன், பிஎம் என்பது நண்பகலுக்குப் பின். சரியாகப் பன்னிரண்டு அடிக்கும் அந்தக் கணம் இரண்டிலும் சேராது. ஆனால் 12.01 ஐயமில்லாமல் நண்பகலுக்குப் பின்தான். அதோடு ஒத்துப்போகட்டும் என்றுதான் 12.00க்கும் பிஎம் போடுகிறார்கள். அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயத்தை அறிந்தவர்கள் மட்டுமே படிப்பார்கள் என்று நம்பி அறிவிப்பு எழுத முடியாது.

படித்தவர்களுக்குக்கூட இது தகராறாகத்தான் இருந்திருக்கிறது. அமெரிக்க அரசு அச்சகத்தின் நடைக் கையேடு நீண்ட காலம் இதைத் தலைகீழாக வைத்திருந்தது: நண்பகலுக்கு 12 ஏஎம், நள்ளிரவுக்கு 12 பிஎம். 2008ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் இன்றைய வழக்கத்துக்கு மாற்றினார்கள். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமும் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகமும் 12உடன் ஏஎம், பிஎம் சேர்க்கவே வேண்டாம் என்பதையே பரிந்துரையாக வைத்திருக்கின்றன. துல்லிய நேரத்தைக் காப்பதையே வேலையாக வைத்திருப்பவர்கள் இப்படிச் சொல்லும்போது, அறிவிப்புப் பலகையில் 12 ஏஎம் எழுதுவதற்கு நமக்கு என்ன அவசியம்?

தமிழில் முற்பகல், பிற்பகல் என்று எழுதினாலும் கதை மாறாது. இலங்கையின் அரசு ஆவணங்களில் மு.ப., பி.ப. என்ற சுருக்கங்கள் இயல்பாகப் புழங்குகின்றன. "மு.ப. 9.00", "பி.ப. 4.15" என்பதில் ஒரு சிக்கலும் இல்லை. "பி.ப. 12.00" என்று வரும்போது அதே பழைய கேள்விதான்.

என் முடிவு: ஏஎம், பிஎம் வழக்கத்தைப் படிக்கத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், 12க்கு எழுதாதீர்கள். செல்பேசியில் மதியச் சாப்பாட்டு நேரமான 12.30க்கு என்ன காட்டுகிறது என்று ஒரு நாள் கவனித்தால் அப்புறம் மறக்காது: பிஎம்.

சொல்லால் எழுதுவது

பகல் 12க்கு இதைவிட நல்ல வழி இல்லை. "பகல் 12 மணி" என்று எழுதிவிட்டால் வேலை முடிந்தது. நண்பகல் 12, மதியம் 12, பகல் 12 மூன்றும் சரி. எனக்குப் பிடித்தது பகல். சின்னப் பிள்ளையும் தாத்தாவும் ஒரே மாதிரி புரிந்துகொள்கிற சொல் அது. நாள்காட்டித் தாளில் புதன்கிழமை ராகு காலம் 12.00 - 1.30 என்று வெறும் எண்ணாகத்தான் பல நேரம் போட்டிருக்கிறது. யாரும் அதை இரவு என்று படிப்பதில்லை. ராகு காலத்தைப் பகலில் பார்க்கும் பழக்கம் அந்தச் சொல்லின் வேலையைச் செய்துவிடுகிறது. அறிவிப்பில் அப்படி ஒரு பழக்கம் துணைக்கு வராது, ஆகவே சொல்லை எழுதித்தான் ஆக வேண்டும்.

இரவு 12க்கு வரும்போது சொல் பாதி வேலையைத்தான் செய்கிறது. "வெள்ளிக்கிழமை நள்ளிரவு 12 மணி" என்றால் வியாழன் முடிந்து வெள்ளி பிறக்கும் 12 மணியா, வெள்ளி முடிந்து சனி பிறக்கும் 12 மணியா? கடிகாரம் முதலாவதைச் சொல்லும். நம் பேச்சோ இரண்டாவதைச் சொல்லும். நமக்கு வெள்ளி இரவு என்பது வெள்ளி மாலைக்குப் பிறகு வருவது, விடியும் வரை நீள்வது. பஞ்சாங்கத்திலும் நாள் என்பது சூரிய உதயம் முதல் அடுத்த உதயம் வரைதான். வெள்ளிக்கிழமைக்கு நேராக ஒரு நட்சத்திரம் பின்னிரவு 1.40 வரை என்று இருந்தால், ஆங்கிலத் தேதிப்படி அது சனிக்கிழமை 1.40. பஞ்சாங்கம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது குழப்பமே இல்லை. அதே ஆள் விமான டிக்கெட்டைக் கையில் எடுக்கும்போதுதான் இரண்டு கணக்கும் மோதிக்கொள்கின்றன.

"இன்று நள்ளிரவு முதல்" என்ற தொடர் நமக்கு நன்றாகப் பழகிய ஒன்று. 2016 நவம்பர் 8 மாலை 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோதும், 2020 மார்ச் 24 அன்று 21 நாள் ஊரடங்கை அறிவித்தபோதும் அன்றிரவு 12 மணிதான் எல்லை. தொலைக்காட்சியில் அந்த மாலையிலேயே கேட்டவர்களுக்குச் சந்தேகம் வர வழியில்லை, இன்னும் சில மணி நேரம்தான் என்று புரிந்துவிட்டது. அதே "இன்று நள்ளிரவு" அச்சில் ஏறி மறுநாள் காலை கையில் கிடைத்தால் எந்த இன்று, எந்த நள்ளிரவு என்று கேள்வி வந்துவிடும். பகிர்ந்து பகிர்ந்து மூன்று நாள் கழித்து வந்து சேரும் வாட்ஸ்அப் செய்திக்கு இது இன்னும் மோசம்.

இரவு 12ஐச் சொல்லால் எழுதியே ஆக வேண்டும் என்றால் இரண்டு நாளையும் சேர்த்து எழுதுங்கள்: "வெள்ளி இரவு முடிந்து சனி பிறக்கும் 12 மணி". சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்த நேரத்தை 2017 ஜூன் 30, ஜூலை 1 இடைப்பட்ட நள்ளிரவு என்று சொல்லும்போது யாருக்கும் ஐயம் வருவதில்லையே, அந்த மாதிரி. கொஞ்சம் நீளம்தான். ஆனால் தவறாகப் படிக்க வழியே இல்லாத எழுத்து இதுதான்.

இன்னொரு எச்சரிக்கை. செய்தித்தாள் தமிழில் நள்ளிரவு 1 மணி, நள்ளிரவு 2 மணி எல்லாம் உண்டு. "நள்ளிரவுக்குள்" என்று எண் இல்லாமல் விட்டுவிட்டால், அது ஒரு புள்ளியா, ஒரு பொழுதா என்று தெரியாது. சொல்லோடு எண்ணும் சேர்ந்தே வரட்டும்.

24 மணிக் கணக்கு

ரயில்வே பல காலமாக இதில்தான் இருக்கிறது. பகல் 12 என்பது 12.00, இரவு 12 என்பது 00.00, மதியம் 12.30 என்பது 12.30, நள்ளிரவு தாண்டி அரை மணி என்பது 00.30. ஏஎம், பிஎம் வாடையே இல்லை. பகலா இரவா என்ற கேள்வி அடியோடு ஒழிந்தது.

தேதிக் கேள்வி ஒழியவில்லை. ஒரு டிக்கெட்டைக் கிட்டத்தில் பார்ப்போம். "புறப்பாடு: 15ஆம் தேதி, 00.20" என்று அச்சாகியிருக்கிறது. எழுத்தில் ஒரு தப்பும் இல்லை. பயணி 15ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு 11 மணிக்கு நிலையத்துக்கு வருகிறார். அவருடைய ரயில் போய் ஏறக்குறைய 23 மணி நேரம் ஆகியிருக்கும். அவர் 14ஆம் தேதி இரவே வீட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். சென்னையிலிருந்து நள்ளிரவு தாண்டிப் புறப்படும் வெளிநாட்டு விமானங்களிலும் இதே ஆபத்து. முன்பதிவு செய்யும்போதே தேதி தப்பாகப் போய்விடுவதும் உண்டு: வெள்ளி இரவு கிளம்ப நினைப்பவர் 00.20 ரயிலுக்கு வெள்ளிக்கிழமை தேதியைத் தேர்ந்தெடுத்துவிடுகிறார், எடுக்க வேண்டியது சனிக்கிழமை.

சிலர் நாளின் முடிவைக் காட்ட 24.00 என்று எழுதுகிறார்கள். 14ஆம் தேதி 24.00ம் 15ஆம் தேதி 00.00ம் ஒரே கணம். தேதி, நேரத்துக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 8601இல் இரண்டும் இருந்தன; 2019 பதிப்பில் 24.00ஐ எடுத்தார்கள், 2022இல் ஒரு திருத்தத்தின் மூலம் திரும்பச் சேர்த்தார்கள். முடிவு நேரத்துக்கு 24.00 உண்மையிலேயே அழகான எழுத்து, "14ஆம் தேதி 24.00 வரை" என்பதைத் தப்பாகப் படிக்கவே முடியாது. ஆனால் பெரும்பாலான மென்பொருள்களும் படிவங்களும் 23.59க்கு மேல் வாங்கிக்கொள்ளாது.

நம் ஊர் வாகனக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். பல பத்திரங்களில் தொடக்கம் 00:00 மணி என்று 24 மணிக் கணக்கிலும், முடிவு இன்ன தேதியின் நள்ளிரவு என்று சொல்லிலும் இருக்கும். 2024 ஜூன் 10, 00:00 முதல் 2025 ஜூன் 9 நள்ளிரவு வரை என்றால் ஜூன் 9 முழு நாளும் காப்பீடு உண்டு, ஒரு வருடம் சரியாக நிறைகிறது. அந்த நள்ளிரவை ஜூன் 9 பிறக்கும் நேரமாகப் படித்தால் ஒரு நாள் குறைகிறது. ஒரே வரியில் இரண்டு முறையைக் கலக்காமல் இருந்தாலே போதும்.

24 மணிக் கணக்கு அட்டவணைக்கும், பணிமுறைப் பட்டியலுக்கும், கணினிக் கோப்புக்கும் உரியது. பொதுமக்களுக்கு எழுதும்போது 00.20 என்பதற்குப் பக்கத்தில் "14ஆம் தேதி இரவே வர வேண்டும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

11.59

கடைசி நேரத்துக்கு இதைவிட எளிய தீர்வை நான் பார்த்ததில்லை. "15ஆம் தேதி இரவு 11.59 வரை" என்றால் பகலா என்ற கேள்வியும் இல்லை, எந்தத் தேதி என்ற கேள்வியும் இல்லை. டிஎன்பிஎஸ்சி அறிவிக்கைகளில் விண்ணப்பத்தின் கடைசி நேரம் இரவு 11.59 என்று வருவதைப் பார்த்திருப்பீர்கள். விண்ணப்பத்தில் திருத்தம் செய்யும் அவகாசத்தை 12.01 முதல் 11.59 வரை என்று கொடுக்கிறார்கள். அமெரிக்காவில் காப்பீட்டு ஒப்பந்தங்கள் 12.01 ஏஎம் என்று தொடங்குவதும் இதே காரணத்துக்காகத்தான்.

ஒரு நிமிடம் வீணாகிறதே என்று சிலர் கேட்கிறார்கள். கடைசி நிமிடத்தில் விண்ணப்பிப்பவருக்கு 11.59 என்பது அந்த நிமிடம் பிறக்கும்போதா, முடியும்போதா என்பது முக்கியம்தான். மென்பொருள் எழுதுபவர் 11.59.59 வரை திறந்து வைத்தால் அந்தக் குறை தீர்ந்தது. காகித அறிவிப்புக்கு அந்தக் கவலையே வேண்டாம்.

ஆனால் 11.59ஐயும் 12.01ஐயும் ஒரே தட்டில் வைக்க மாட்டேன். 11.59 முழுத் தீர்வு. 12.01 ஏஎம் என்பதைப் படிக்க 12க்கு ஏஎம் என்றால் இரவு என்று தெரிந்திருக்க வேண்டும். எதைத் தவிர்க்கப் புறப்பட்டோமோ அதுவே பின்வாசல் வழியாக உள்ளே வருகிறது. தொடக்கத்துக்கு நேரமே எழுதாமல் விடுவது நல்லது. "16ஆம் தேதி முதல்" என்றால் போதும். நம் நாட்டுச் சட்டமே அப்படித்தான் செய்கிறது: வேறு விதமாகச் சொல்லப்படாத வரை, ஒரு மத்தியச் சட்டம் அது நடைமுறைக்கு வரும் தேதிக்கு முந்தைய நாள் முடிந்த உடனே அமலுக்கு வந்ததாகக் கொள்ள வேண்டும் என்று பொது விதிகள் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. 12 என்ற எண்ணே அதில் இல்லை.

ஜப்பானின் பூஜ்யம்

நமக்கு உடனே உதவாது என்றாலும் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. ஜப்பானில் 1872ஆம் ஆண்டு அரசு ஆணை ஒன்று நண்பகலை முற்பகல் 12 என்றும் நள்ளிரவைப் பிற்பகல் 12 என்றும் வைத்தது. சரி, அப்படியானால் மதியம் 12.30ஐ எப்படிச் சொல்வது? இன்று அங்கே செய்திகளிலும் கடிகாரங்களிலும் பரவலாக இருக்கும் விடை, பிற்பகல் 0.30. பன்னிரண்டை எடுத்துவிட்டு அதன் இடத்தில் பூஜ்யத்தை வைத்துவிட்டார்கள். 11க்கு அடுத்து 0, அதற்கு அடுத்து 1. எண்ணும் சொல்லும் ஒரே இடத்தில் மாறுகின்றன. வேரையே பிடுங்கிய தீர்வு இது. இரவு நேர நிகழ்ச்சிகளை 25 மணி என்று எழுதும் பழக்கமும் அங்கே உண்டு, அதாவது அந்த இரவு தாண்டி 1 மணி. நம் பஞ்சாங்கத்தின் பின்னிரவுக் கணக்குக்கு மிக நெருங்கிய உறவு.

தமிழில் "பகல் 0.30" என்று நாளை ஓர் அறிவிப்பில் எழுதினால் அச்சுப் பிழை என்றுதான் நினைப்பார்கள். ஒரு சங்கமோ ஓர் அலுவலகமோ தனியாகக் கொண்டுவரக்கூடிய மாற்றம் இல்லை இது.

எல்லையை நகர்த்துவது

அதிகம் பேசப்படாத வழி இதுதான், எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். 12ஐ எப்படி எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொள்வதற்குப் பதிலாக, எல்லையை 12இல் வைக்காமலே இருக்கலாம்.

பெட்ரோல், டீசல் விலை முன்பெல்லாம் "இன்று நள்ளிரவு முதல்" மாறும். 2017 ஜூன் 16 முதல் நாடு முழுவதும் தினசரி விலை மாற்றம் வந்தபோது, நேரம் காலை 6 மணி என்று வைக்கப்பட்டது. நள்ளிரவில் ஆள் வைத்து மீட்டரை மாற்ற முடியாது என்று பங்க் உரிமையாளர்கள் வலியுறுத்தியதால் வந்த மாற்றம் அது. ஆனால் அதில் எந்த நாள் என்ற குழப்பமும் சேர்ந்தே தொலைந்தது. 16ஆம் தேதி காலை 6 மணி என்றால் ஒரே ஒரு காலை 6 மணிதான்.

வானிலைத் துறை மழையைக் கணக்கிடும் நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. வடகிழக்குப் பருவமழையின்போது "காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில்" என்று செய்தியில் கேட்பது அதனால்தான். இரவெல்லாம் கொட்டிய மழை நடுவில் இரண்டாக வெட்டுப்படுவதில்லை. வானியலாளர்கள் 1924 முடியும் வரை நாளை நண்பகலில் தொடங்கியதற்கும் காரணம் இதுவே: ஓர் இரவு முழுக்கப் பார்த்த வான்காட்சி ஒரே தேதியில் அடங்கும். 1925 ஜனவரி 1 முதல் அவர்களும் நள்ளிரவுக்கு மாறினார்கள்.

குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும், இரவில் நாலு மணி நேரம் தண்ணீர் வராது. "சனிக்கிழமை 12 ஏஎம் முதல் 4 ஏஎம் வரை" என்று எழுதினால் பாதி வீடுகளில் சனிக்கிழமை பகலிலேயே வாளிகள் நிரம்பும், மீதி வீடுகளில் சனி இரவு நிரப்புவார்கள், வேலை நடக்கும் வெள்ளி இரவில் யார் வீட்டிலும் தண்ணீர் இருக்காது. "வெள்ளி இரவு 11 மணி முதல் விடியற்காலை 4 மணி வரை" என்று ஒரு மணி நேரம் முன்னால் இழுத்துவிட்டால் எல்லோரும் வெள்ளி சாயங்காலமே வாளியை நிரப்பி வைத்துவிடுவார்கள். தொட்டி கழுவுபவர் 12க்கே வரட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

எங்கே எதை எடுப்பது

அழைப்பிதழ், பூஜை, கூட்டம் என்று பகலில் நடப்பதற்கு "பகல் 12 மணி". விண்ணப்பம், கட்டணம், போட்டி என்று முடிவுத் தேதி உள்ள எதற்கும் "இரவு 11.59", முடிந்தால் மாலை 5 மணி, உதவிக்கு அழைத்தால் எடுக்க ஆள் இருக்கும் நேரம் அது. வாடகை, பராமரிப்பு போன்ற ஒப்பந்தங்களில் தொடக்கத்துக்கு வெறும் தேதி, முடிவுக்கு "அந்த நாள் முழுவதும் சேர்த்து" என்று ஒரு தொடர். பயண விவரத்துக்கு 24 மணிக் கணக்கோடு கிழமையும், வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டிய இரவும்.

மருத்துவமனைச் சீட்டில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன் "12 ஏஎம்க்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது" என்று எழுதிக் கொடுத்தால், அதைப் பகல் 12 என்று படித்தவர் காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு வந்து நிற்பார். மயக்க மருந்து கொடுக்க முடியாது, அறுவை சிகிச்சை தள்ளிப்போகும். அங்கே எழுத வேண்டியது: "செவ்வாய் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, இரவு 12 மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது. புதன் காலை வெறும் வயிற்றோடு வர வேண்டும்." தண்ணீர் குடிக்கலாமா, எத்தனை மணி வரை என்பதையும் டாக்டர் சொன்னபடி அதே சீட்டில் எழுதிவிட வேண்டும்.

படிப்பவர் பக்கம் நாம் இருக்கும்போது, 12 ஏஎம் என்று கெடு வந்தால் முந்தைய நாள் இரவோடு முடிகிறது என்று எடுத்துக்கொண்டு அதற்குள் அனுப்பிவிடுங்கள். 12 பிஎம் என்று வந்தால் அன்று பகல் 12. இரண்டிலும் முந்திய நேரத்தைப் பிடித்துக்கொண்டால் எழுதியவர் எதை நினைத்து எழுதியிருந்தாலும் உங்களுக்குப் பாதகமில்லை. முடிந்தால் எழுதியவரை ஒரு முறை அழைத்து, "பகல் 12ஆ, எந்த நாள் இரவு?" என்று கேளுங்கள். அடுத்த அறிவிப்பை அவர் வேறு மாதிரி எழுதக்கூடும்.